எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: நோயாளியும் உடன் வருபவரும் அறிய வேண்டியவை

எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம், ஸ்கேன் நடைபெறாத வேளையிலும் செயல்பட்டுக்கொண்டே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், ஆக்சிஜன் சிலிண்டருடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் சென்ற நோயாளியின் உறவினர் ஒருவர், காந்தம் சிலிண்டரை ஈர்த்ததால் உயிரிழந்தார்.

ஆகவே, உடன் வருபவர் ஊழியரின் அனுமதியின்றி அறைக்குள் நுழையக் கூடாது. அனுமதி பெற்றாலும், இருவரும் சங்கிலி, மெட்டி, மூக்குத்தி, புடவை ஊக்கு, தாயத்து, சாவி, கைப்பேசி ஆகியவற்றை வெளியிலேயே வைத்துவிட வேண்டும். தாலியைக் கழற்றத் தயங்குவோர், மஞ்சள் கோத்த நூல் கயிற்றை அணிந்து வரலாம்.

பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாய் கிளிப், செவியில் பொருத்திய கருவி, கண்ணில் இரும்புத்துகள் இவற்றுள் எது இருப்பினும், தேதி குறிக்கும்போதே தெரிவியுங்கள். கர்ப்பத்தையும் சிறுநீரக நோயையும் மறைக்காதீர்கள். பழைய அறுவைச் சிகிச்சைக் குறிப்புகளைத் தவறாமல் கொண்டுவாருங்கள்.