சாவி யார் கையில்?

பல்கலைக்கழகம் கிடைத்த மகளுக்குப் போடிங் தேடிப் போகும் வாப்பாமாரின் கண் முதலில் கேற்றிலும் ஜன்னல் கிறிலிலும்தான் விழும். வரிப்பத்தான்சேனைப் பிள்ளை பேராதனைக்குப் போனாலும், வெளியூர்ப் பிள்ளைகள் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கென்று ஒலுவிலிலோ சம்மாந்துறையிலோ வந்து தங்கினாலும் இதே கதைதான். "இரவானால் பூட்டிருவோம், பயப்படாதீங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால் மனம் ஆறும். தீப்பிடித்தால் அந்தப் பூட்டை யார் திறப்பது என்று கேட்பவர் குறைவு.

2024 செப்டம்பர் 12 அதிகாலை, மதுரை கட்ராபாளையத்தில் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பற்றியது. தூங்கிக்கொண்டிருந்தவர்களைப் புகை சூழ, ஆசிரியைகள் இருவர் இறந்தார்கள். தர்கா உள்ள ஏர்வாடியை நம்மவர்களுக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநோயாளர் காப்பகம் ஒன்று எரிந்தபோது 28 பேர் மாண்டார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் எங்கே ஓடுவார்கள்?

இப்போது ஒரு போடிங் அறைக்கு வருவோம். ஒரு குடும்பத்துக்கென்று வயரிங் செய்த வீடு. பலகையால் மறித்து அறைகளாக்கியிருக்கிறார்கள். அறைக்கு ஒரு பிளக், அதில் ஒரு மல்டி பிளக். 2000 வாட் கேத்தல் 230 வோல்ற்றில் 9 அம்பியர் அளவுக்கு இழுக்கும். 1000 வாட் அயன் 4க்கு மேல், 700 வாட் ரைஸ் குக்கர் 3. மூன்றும் ஒன்றாக ஓடினால் 16. பிளக் தாங்குவதோ 13. பியூஸ் இல்லாத மலிவுச் சாமானென்றால் அந்த இடத்தில் தடுக்க எதுவுமில்லை. வயர் சூடேறி, வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி, கருகல் மணம் வரும். அந்த மணம் வந்தால் அன்றே கழற்றி மாற்ற வேண்டும்.

"ட்ரிப் சுவிச் இருக்குத்தானே" என்பார்கள். அது மின்சாரம் கசிந்தால் விழும், ஆளைக் காப்பாற்றும். சுமை கூடினால் விழ வேண்டியது அதன் பக்கத்திலுள்ள சின்ன பிரேக்கர். அடிக்கடி விழுகிறதென்று அதை எடுத்துவிட்டுப் பெரியதைப் போடுவது மகா தவறு.

அப்படியும் தீப்பிடித்துவிட்டால், புகை மேலே ஏறும். தரையோடு தவழ்ந்தால் கொஞ்சம் மூச்சு கிடைக்கும், கதவு வரைக்கும் போகலாம். கதவு பூட்டியிருந்தால் அத்தோடு முடிந்தது.

பூட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண் பிள்ளைகள் தங்கும் வீட்டில் பூட்டு வேண்டும். ஆனால் சாவி வீட்டுக்காரரின் தலையணைக்குக் கீழே இருக்கக் கூடாது. உள்ளே, கதவோரத்து ஆணியில், எல்லாப் பிள்ளைக்கும் எட்டும்படி தொங்க வேண்டும். கிறிலில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

முற்பணம் கொடுக்கும் முன்னர் விளக்கை அணைத்துவிட்டு, அந்தக் கதவை மகளையே ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.