மெதுவாக எரியும் இரும்பு

கேஸ் கட்டிங் நடப்பதைத் தள்ளி நின்று பார்ப்பவர்கள், நெருப்பு இரும்பை உருக்கி அறுக்கிறது என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அங்கே இரும்பு எரிகிறது. அசிட்டிலின் சுடருக்குத் தொடக்க வேலை மட்டும்தான்: தகட்டில் ஓரிடத்தைச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிப் பழுக்கவைக்கும். பிறகு கட்டர் பிடித்திருப்பவர் லீவரை அழுத்தியதும் சுத்தமான ஆக்சிஜன் அந்த இடத்தில் பீய்ச்சி அடிக்கிறது. இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். ஆக்சிஜன் வெள்ளத்தில் அதற்கு வெகு முன்பே அது எரியத் தொடங்கிவிடும். எரிந்து உண்டாகும் ஆக்சைடு 1400 டிகிரிக்குள்ளேயே உருகி, கசடாகக் கீழே கொட்டிவிடுகிறது. எவர்சில்வரை இப்படி வெட்ட முடியாததற்கு இதுதான் காரணம். அதிலுள்ள குரோமியத்தின் ஆக்சைடு உருக 2000 டிகிரிக்கும் மேலே போக வேண்டும். அது உருகாமல் படிந்து நின்று, அடியிலுள்ள உலோகத்துக்கு ஆக்சிஜன் போகாமல் மறித்துவிடும்.

துருப்பிடிப்பதும் அடிப்படையில் இதே வினைதான். இரும்பும் ஆக்சிஜனும் சேர்கின்றன. நடுவில் தண்ணீர் இருக்கிறது, அவசரம் இல்லை. துருவேறிய பழைய தகட்டில் இலையும் பறவையும் வெட்டி, உள்ளே பல்பு பொருத்தித் தோட்டத்தில் நிறுத்தும் அலங்கார விளக்குகளை இப்போது ரிசார்ட்டுகளிலும் காபிக் கடை வாசல்களிலும் பார்க்கிறோம். அதைச் செய்பவர் ஒரே வினையை இரண்டு வேகங்களில் கையாள்கிறார். வேகமான வினையை லீவரை விட்டால் நிறுத்திவிடலாம். மெதுவான வினைக்கு லீவர் கிடையாது. இந்தத் தொழிலின் சிரமம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

முதலில் தகடு. காயலான் கடையில் கிடைப்பதெல்லாம் விளக்குக்கு ஆகாது. ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் உள்ளே இறங்கும் தகட்டை அங்கேயே வைத்துவிட வேண்டும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிப்பது உள்ளே திடமாக இருக்கிறது. ஜி.ஐ. தகடு இன்னொரு வில்லங்கம். அதன் துத்தநாகப் பூச்சு 907 டிகிரியிலேயே கொதித்து வெண்புகையாகிவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்து, மலேரியா வந்ததுபோல் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. காற்றோட்டமும் முகமூடியும்தான் மருந்து. பழைய பாலங்களிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் வரும் தகடுகளின் அடிப்பூச்சில் ஈயம் இருக்கலாம் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

இந்த வேலைக்குக் கேஸ் சிலிண்டர்கூடத் தேவையில்லை என்று காட்டியவர்கள் ஹைட்டி நாட்டுக் கொல்லர்கள். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் பக்கத்திலுள்ள குரோவா-தே-பூக்கே ஊரில் ஜார்ஜ் லியோத்தோ என்ற கொல்லர் கல்லறைகளுக்கு இரும்புச் சிலுவைகள் செய்துவந்தார். 1950களில் அவற்றைக் கவனித்த டிவிட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்கர், இவரைச் சிற்பங்கள் செய்யத் தூண்டினார். இன்று அந்த ஊரின் அடையாளமே தகட்டுச் சிற்பம்தான். கச்சாப்பொருள் 200 லிட்டர் எண்ணெய் டிரம். இரண்டு பக்க மூடிகளையும் எடுத்துவிட்டு, உள்ளே சருகைப் போட்டு எரித்து எண்ணெயையும் பெயின்டையும் போக்குகிறார்கள். பிறகு நீளவாக்கில் பிளந்து, தட்டி விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, உளியாலும் சுத்தியலாலும் குளிர்ந்த தகட்டையே வெட்டுகிறார்கள். மூடிகளை முதலில் எடுப்பது முக்கியம். மூடிய டிரம்மில் மிச்சமிருக்கும் ஆவியில் கட்டரின் பொறி பட்டால் அது வெடிகுண்டுதான்; காலி டிரம் என்று நம்பி வெட்டி உயிரை விட்டவர்கள் உலகம் முழுக்க உண்டு.

மெல்லிய தகட்டில் கேஸ் கட்டிங் செய்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். நுணுக்கமான கோலங்களுக்கு இப்போது பிளாஸ்மா கட்டிங்தான். மின்வில் ஒரு வாயுத் தாரையை 20,000 டிகிரி அளவுக்குச் சூடேற்றுகிறது. வெட்டு கோடு போட்டதுபோல் விழுகிறது. இங்கே துரு தன் இன்னொரு குணத்தைக் காட்டும். பிளாஸ்மாவுக்கு மின்சுற்று முழுமையாக வேண்டும். எர்த் கிளாம்ப் தகட்டைக் கவ்வியிருக்க வேண்டும். துருவோ மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கிளாம்பைத் துருவின் மேலேயே மாட்டினால் மின்வில் திக்கித் திணறி அணையும், வெட்டு பிசிறடிக்கும். "தம்பி, வெள்ளையா தெரியுற வரைக்கும் தேய்" என்று மேஸ்திரி சொல்வது இதற்குத்தான். ஒரு தீப்பெட்டி அளவு இடத்தைக் கிரைண்டரால் வெளுக்கத் தேய்த்தால் போதும்.

வெட்டி முடித்ததும் ஒரு அழகுப் பிரச்சினை. தகடு பழுப்பு, வெட்டிய ஓரம் மட்டும் பளபளக்கும் வெள்ளி. மழை வெயிலில் போட்டால் சில வாரங்களில் ஓரமும் நிறம் மாறிவிடும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு, கொஞ்சம் உப்பு கலந்து தெளிக்கிறார்கள். கண்ணெதிரே ஆரஞ்சு நிறம் ஏறும். எனக்கு இந்த உப்பில் சம்மதம் இல்லை. உப்பிலுள்ள குளோரைடு துருவைத் தொடங்கிவைப்பதோடு நிற்பதில்லை. துருப்படலத்தின் அடியில் தங்கி, ஈரம் கிடைக்கும்போதெல்லாம் மறுபடி வேலையைத் தொடங்கும். தெளித்தவர் நிறைய நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால், மேலே அடித்த வார்னிஷ் பிறகு கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

குளோரைடு என்ன செய்யும் என்பதற்கு ஹவாயில் ஒரு மைதானம் அளவுக்குச் சாட்சி கிடைத்தது. அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் 1930களில் கார்டென் என்ற எஃகை விற்பனைக்குக் கொண்டுவந்தது. செம்பு, குரோமியம், பாஸ்பரஸ் ஆகியவற்றைச் சிறிதளவு சேர்த்த எஃகு அது. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால் இதன் மேல் துரு நெருக்கமாகப் படிந்து, அடியிலுள்ள இரும்பைக் காப்பாற்றும், பெயின்டே வேண்டாம். இங்கிலாந்தில் 1998இல் ஆன்டனி கோர்ம்லி நிறுத்திய 20 மீட்டர் உயர 'ஏஞ்சல் ஆஃப் த நார்த்' சிலை இவ்வகை எஃகுதான். நம்மூர் ரயில் பெட்டிகளிலும் இதே இனத்து எஃகு பயன்பட்டிருக்கிறது. இதை நம்பி ஹொனலூலுவில் அலோஹா ஸ்டேடியத்தைக் கட்டி 1975இல் திறந்தார்கள். கடற்காற்றின் உப்பு, துருப்படலத்தை இறுகவே விடவில்லை. அரிப்பு நிற்காமல் தொடர்ந்தது, பழுதுபார்க்கும் செலவு பெருகியது. 2020 கடைசியில் பார்வையாளர்களை அனுமதிப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. டெல்லி குதுப் வளாகத்தின் இரும்புத் தூண் சுமார் 1600 ஆண்டுகளாக நிற்பதற்கு அதன் பாஸ்பரஸ் உதவியது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார். அதே தூண் நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நின்றிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

காயலான் கடைத் தகடு பெரும்பாலும் சாதாரண எஃகு. அதன் துரு கெட்டிப்படாது. இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு உப்பி, செதில் செதிலாகக் கழன்று, புது இரும்பைத் திறந்துவிடும். எனவே வினையை நிறுத்தியாக வேண்டும். கடுக்காய்ச் சாறு ஒரு வழி. அதிலுள்ள டானின் இரும்போடு பிணைந்து, கரையாத கருநீலப் படலமாகிறது. கடையில் விற்கும் துரு மாற்றிகள் பலவற்றிலும் டானிக் அமிலமே வேலை செய்கிறது. சிக்கல் என்னவென்றால், பழுப்பு கறுப்பாகிவிடும். நிறத்துக்காகவே துருவைத் தேடிப் போனவருக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே வெளியில் தெரியாத மூட்டுகளிலும் அடிப்பாகத்திலும் டானின். முகப்பில் கம்பி பிரஷ்ஷால் தளர்ந்த துருவை எல்லாம் உதிர்த்துவிட்டு, பளபளப்பில்லாத கிளியர் கோட்டிங். இது என்றென்றைக்கும் நிற்காது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், துருவைத் தடுக்க நாம் கேட்டு அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமரின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான்.

இனி வெளிச்சம். துரு நீல ஒளியை விழுங்கிவிட்டு ஆரஞ்சையும் சிவப்பையும் திருப்பி அனுப்புகிறது. 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. போட்டால், அதன் நீலம் வீணாகி, தகடு சேறு பூசியதுபோல் தெரியும். 2200 முதல் 2700 கெல்வின் மஞ்சள் ஒளியில் அதே தகடு தணலாகத் தெரியும். பூச்சிகளும் குறைவாக வரும்.

சுவரில் நிழல் கோலம் விழ வேண்டும் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். ஒளிரும் பகுதியின் அகலம் 1 செ.மீ., அதிலிருந்து துளை 10 செ.மீ., துளையிலிருந்து சுவர் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 செ.மீ. இலைத்துளை சுவரில் 22 செ.மீ. இலையாக விரியும். ஆனால் அதன் விளிம்பு 10 செ.மீ. அகலத்துக்குக் கலங்கிப்போகும்; வெட்டிய நரம்புகள் எதுவும் தெரியாது. 1 மி.மீ. எல்.இ.டி. சில்லு ஒன்றை அதே இடத்தில் வைத்தால் கலக்கம் 1 செ.மீ.தான். பால் நிறக் கூடு போட்ட பல்பை உள்ளே வைத்துவிட்டு நிழல் விழவில்லையே என்று வருந்துபவர்கள் பல்பை மாற்றினாலே போதும். உட்புறத்தைத் துருவோடு விடுவதா, வெள்ளையடிப்பதா என்பதும் இதைப் பொறுத்ததே. துருவேறிய உட்சுவர் சிதறும் ஒளியை விழுங்கி நிழலைக் கூர்மையாக்கும். வெள்ளை அடித்தால் நிழல் மங்கும், துளைகள் எல்லாம் ஒன்றுபோல் ஒளிரும். இரண்டையும் ஒரே விளக்கில் எதிர்பார்க்கக் கூடாது.

மின்சாரத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி. ஒயர் நுழையும் ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் வாஷர் அவசியம். தோட்டத்தில் 12 வோல்ட் டி.சி. போதுமானது. 230 வோல்ட்தான் என்றால் எர்த் கட்டாயம். அந்த இணைப்பையும் தேய்த்து வெளுத்த இரும்பில்தான் தர வேண்டும். விளக்கைச் சுற்றிலும் சீல் வைத்து மூடுவதும் தப்பு. எரியும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். அணைந்து குளிரும்போது ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், அது உள்ளேயே வியர்த்து நீராகும். பல்பும் இணைப்புகளும் தூசியும் நீரும் புகாத ஐ.பி.65 தரத்தில் தனியாகக் காப்பிடப்பட்டிருக்கட்டும். தகட்டுக் கூட்டின் அடியில் இரண்டு வடிகால் துளைகள் இருக்கட்டும்.

விளக்கை வெள்ளை டைல்ஸ் மேல் நேரடியாக நிறுத்த வேண்டாம். மழைநீரில் கரைந்திறங்கும் இரும்பு காற்றுப் பட்டதும் பழுப்பாகப் படியும், சோப்புக்கு மசியாது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் அதை எடுத்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது, பளிங்கென்றால் அமிலம் கல்லின் மெருகையும் தின்றுவிடும். விளக்குக்கு அடியில் ஒரு கூடை ஜல்லியைக் கொட்டிவிடுவது இதைவிட மலிவு.