நிலா ஓரத்தில் மறைந்த காலக்ஸிகள்

ஊட்டிக்குப் போனால் படகுச் சவாரி செய்வோம், பூங்காவைச் சுற்றுவோம், வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம். பக்கத்தில் முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு தொலைநோக்கி இருப்பது பலருக்குத் தெரியாது. அதில் கண்ணாடியே கிடையாது. 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள்தான் ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் கட்டி முடித்தார்கள்.

ஏன் சரிவில்? ஊட்டி, பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. அந்தச் சரிவும் வடக்கு தெற்காகக் கிட்டத்தட்ட அதே 11 டிகிரி! அதனால் தொலைநோக்கியின் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. மெல்லச் சுழற்றினாலே போதும், ஒரே பொருளை ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். இப்படியொரு மலையைத் தேடிப்பிடித்ததே பாதி வெற்றி என்பேன்.

அவர்கள் குறிவைத்தது ரேடியோ காலக்ஸிகளை. அவற்றின் நடுவில் ஒரு ராட்சதக் கருந்துளை. அதை நோக்கி விழும் பொருளில் கொஞ்சம் உள்ளே போகாமல், இரு பக்கமும் தாரையாகப் பீறிட்டுக் கிளம்பும். அது காலக்ஸியைத் தாண்டிப் போய் இரண்டு பெரிய மேகங்களாகப் பரவும். ரேடியோ அலைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. ஆனால் தொலைவு அதிகம் என்பதால், இரண்டு மேகமும் ஒரே புள்ளியாகக் கலங்கித் தெரியும்.

இங்கேதான் நிலா உதவிக்கு வந்தது. அதன் ஓரம் வானத்தில் நொடிக்குச் சுமார் அரை விகலை நகரும். (ஒரு டிகிரியை 3,600 துண்டாக்கினால் ஒரு துண்டு, ஒரு விகலை.) மேகங்களுக்கு இடையே 20 விகலை இருந்தால், நிலா முதலில் ஒன்றை மறைக்கும், ரேடியோ அலைகளின் வலிமையைக் காட்டும் வரைபடக் கோடு பாதி இறங்கும். சுமார் 40 நொடி கழித்து இன்னொன்றும் மறையும். கோடு தரைக்கு வந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்தே மேகங்களின் இடைவெளியைச் சொல்லிவிடலாம்!

இப்படி நூற்றுக்கணக்கானவற்றை அளந்தார்கள். மங்கலான, அதாவது பெரும்பாலும் மிகத் தொலைவிலுள்ள காலக்ஸிகள் சராசரியாகச் சிறியவையாகத் தெரிந்தன. தொலைவு மட்டும் அதற்குக் காரணமில்லை. அந்த அலைகள் கிளம்பிய பழங்காலத்தில் அவை நிஜமாகவே சிறியவையாக இருந்தன என்று 1975-ல் ஸ்வரூப்பும் அவருடைய சக ஆய்வாளர் விஜய் கபாஹியும் காட்டினார்கள். ‘பிரபஞ்சம் என்றைக்கும் ஒரே மாதிரிதான்’ என்று வாதிட்டவர்களுக்கு அது பெரிய அடி.

நிலா போகாத பாதையில் இருக்கும் காலக்ஸிகளை என்ன செய்வது? பிற்பாடு ஸ்வரூப், புணே அருகே நாராயண்காவ் பக்கம் தலா 45 மீட்டர் அகலமுள்ள 30 டிஷ்களை நிறுத்தி, ஒரே தொலைநோக்கியாக இணைத்தார். அதற்கு நிலா தேவையில்லை.