பெண் பார்க்கப் போன கதைகள்

வெளிமாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைக்கு மணம் பேசும் காலம் வந்துவிட்டால், ஊர்ப் பயணமும் கூடவே வந்துவிடும். மைசூரிலும் அப்படியே. தசரா ஊர்வலம் காண நாடெங்கிலுமிருந்து மக்கள் இங்கே வந்து இறங்கும்பொழுது, நம்மவர் சிலர் ஜாதகக் கட்டுடன் எதிர்த்திசை வண்டியில் ஏறிக்கொண்டிருப்பர். சென்று திரும்பியவர்கள் சொல்லும் கதைகளில், மணத்தில் முடிந்தவற்றைவிட முடியாமற் போனவையே சுவை மிக்கவை.

நம் நண்பர் ஒருவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிற்குப் பெண் பார்க்கச் சென்றார். சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்தன. பெண்ணின் தாயார் மேலும் மேலும் தட்டில் இட, நண்பர் கூச்சத்துடன் கையால் மறித்து, "சாக்கு, சாக்கு" என்றார். கன்னடத்தில் "போதும்" என்னும் சொல் நம் காதில் அவ்வாறுதான் விழும்; இங்கே வாழ்பவர் எவரும் அதற்கு வியக்கமாட்டார். அவ்வீட்டுப் பாட்டனாரோ, மாப்பிள்ளை எதற்கோ கோணிச் சாக்குக் கேட்கிறார் என்று எண்ணி, கொல்லையிலிருந்து ஒன்றை எடுத்து வரச் சொன்னார். சாக்கு வந்தது. சம்பந்தம் வரவில்லை. தமிழ் மறந்த பிள்ளைக்குப் பெண் கொடுப்பதா என்று அவர்கள் பின்வாங்கினார்களாம். "மறுப்பதற்கு அதுவும் ஒரு சாக்கு" என்று நண்பர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் சிரித்து ஓய்ந்தபின் அவர் மற்றொன்றும் சொல்வதுண்டு. அதற்கு முன்பு மூன்று வீடுகளில் சிற்றுண்டி அருந்திவிட்டு, "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று எழுந்து வந்தவர் அவர். ஒரு வீட்டிற்கும் கடிதம் போகவில்லை. தபால்காரர் வரும் நேரமெல்லாம் அங்கே எவ்வாறு கழிந்திருக்கும் என்பது, தாம் மறுக்கப்பட்ட பின்னரே அவருக்கு விளங்கிற்று. ஆண் இத்தகைய கதையைக் கூடத்தில் உட்கார்ந்து சொல்லலாம். நான்கு முறை சொஜ்ஜி தட்டுடன் வந்து நின்ற பெண் அதே கதையை எவரிடம் சொல்லிச் சிரிப்பாள்?

யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதை நன்கு அறிந்தவர், மைசூரில் வாழ்ந்த தமிழரான ஆர். கே. நாராயண். அவர் தந்தையார் இந்நகரில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். 1933-ஆம் ஆண்டில் நாராயண் தம் தமக்கையாரை அழைத்துக்கொண்டு கோயம்புத்தூர் சென்றிருந்தபொழுது, தெருக்குழாயில் நீர் பிடிக்க வந்த ராஜம் என்னும் பெண்ணைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார். அவளுடைய தந்தையாரோடு பழகி, பின்னர் தம் விருப்பத்தைத் தாமே அவரிடம் கூறினார். நிலையான வருவாய் இல்லாத இளைஞர், தாமே வந்து பெண் கேட்பது அக்காலத்தில் எத்துணைத் துணிவு! ஜாதகம் பார்க்கப்பட்டது. ஏழாம் வீட்டில் செவ்வாய். தடைகள் பல எழுந்தும் திருமணம் நடந்தேறியது.

மணமான பின்னர், 1937-இல், 'தி பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்' என்னும் அவருடைய நாவல் வெளிவந்தது. அதில் சந்திரன் என்னும் இளைஞன் ஆற்றங்கரையில் மாலதியைக் கண்டு காதல் கொள்கிறான். ஒரு வார்த்தையும் பேசியதில்லை. செவ்வாய் குறுக்கிடுகிறது. மாலதி வேறிடத்தில் வாழ்க்கைப்பட, இவன் தலையை மழித்துத் துறவியாகி எட்டு மாதம் ஊர் ஊராய்த் திரிகிறான். நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அச்சிரிப்பு முழுவதும் சந்திரன் மீதே விழுகிறது. மாலதி மீது ஒரு துளியும் தெறிப்பதில்லை. தம் காதலைத் தடுத்த அதே கிரகத்தைக் கொண்டே, தம்மைப் போன்ற ஓர் இளைஞனை நகைப்புக்குரியவன் ஆக்கினார் ஆசிரியர்.

1939-இல் ராஜம் டைபாய்டு நோயால் மறைந்தார். செவ்வாய் பழி வாங்கிற்று என்று சொல்ல அன்றும் ஆளிருந்திருக்கும், இன்றும் இருக்கும். அந்நோய்க்குக் காரணம் கெட்ட நீரிலும் உணவிலும் பரவும் கிருமி. அதற்குக் குளோரம்பெனிகால் என்னும் மருந்து பயன் தரக் கண்டது 1948-இல். ஜாதகம் பொருந்திய எத்தனையோ இல்லங்களிலும் அக்கிருமி நுழைந்ததை எண்ணிப் பார்ப்போர் குறைவு. நாராயண் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிற்காலத்தில் அவர் வாழ்ந்த யாதவகிரி இல்லம் இன்று நினைவகமாக உள்ளது. விருந்தினர் வந்தால் நாம் அழைத்துச் சென்று காட்டுவதுண்டு.

நண்பரின் கதையில் ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது. சென்ற ஆண்டு அவர் மகளைப் பார்க்க ஒரு குடும்பத்தார் வந்தனர். சொஜ்ஜி கிளறும் வேளையில், பிள்ளையையும் பெண்ணையும் சாமுண்டி மலைப் படியேறி வருமாறு அனுப்பிவைத்தார். பாதிக்கு மேல் ஏறி, பெரிய நந்தியருகே சற்று உட்கார்ந்து பேசிவிட்டு இருவரும் திரும்பினர். மகள் சமையலறைக்குச் சென்று தாயிடம், "நல்லவர்தான், ஆனால் வேண்டாம்" என்றாள். நண்பர் கடிதத்திற்கு வேலை வைக்கவில்லை. வந்தவர்கள் உண்டு முடித்ததும், பிள்ளையின் தந்தையைத் திண்ணைக்கு அழைத்துச் சென்று தாமே தெரிவித்தார். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, தம் பிள்ளையும் காலணியை மாட்டும்பொழுதே அதைத்தான் சொன்னான் என்றார். அடுத்த வண்டிக்கு நேரம் இருந்தமையால், எல்லோரும் இன்னொரு முறை காப்பி அருந்தினர்.