விளையாட்டு எழுதுபவர்களுக்கு ஒரு கூட்டம்: வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஏற்பாடு செய்யலாம்

“கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன். கடிதம் டைப் செய்கிறேன், பாட்டுக் கேட்கிறேன். இதில் வேறு என்ன சார் செய்யலாம்?” புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. நாலு பேரைக் கூட்டி ஒரு நல்ல காரியம் செய்யலாம் என்பதுதான் என் பதில்.

அண்மையில் நாங்கள் அப்படி ஒன்றைச் செய்தோம். இண்டர்நெட்டில் விளையாட்டுச் செய்தி எழுதுபவர்கள், ஸ்கோர் ஏற்றுபவர்கள், உள்ளூர்ப் போட்டிகளை வீடியோ எடுத்து வெளியிடுபவர்கள் என எழுபது பேருக்குச் சென்னையில் ஒரு நாள் கூட்டம். அலுவலகம் கிடையாது, சம்பள ஆள் கிடையாது. ஏற்பாட்டாளர்கள் நாங்கள் மூன்று பேர். என் வீட்டுக் கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இண்டர்நெட் இணைப்பு. அவ்வளவுதான். கூட்டம் நன்றாகவே நடந்தது. ஆனால் நான் ஒரு தவறும் செய்தேன். அதையும் சேர்த்தே சொல்கிறேன். நீங்கள் அதைச் செய்யாமல் இருக்கலாம் அல்லவா?

எதற்கு இந்தக் கூட்டம்?

பத்திரிகை நிருபருக்கு ஸ்டேடியத்தில் தனி இடம் உண்டு. அங்கே நாலு பேரைச் சந்திப்பார், பேசுவார், கற்றுக்கொள்வார். வீட்டிலிருந்து தனியாக இணையதளம் நடத்துபவருக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆனால் இவர்கள் செய்வது சின்ன வேலை அல்ல. 1993ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த சைமன் கிங் தொடங்கியதுதான் கிரிக்இன்போ. பல நாடுகளில் இருந்த ஆர்வலர்கள் சம்பளம் இல்லாமல் ஸ்கோர்களை டைப் செய்து அனுப்பி வளர்த்த தளம் அது. 2007ல் இஎஸ்பிஎன் நிறுவனம் அதை வாங்கியது. கிரிக்கெட்டுக்கு அன்று சிலர் செய்ததை, இன்று கபடிக்கும் வாலிபாலுக்கும் ஹாக்கிக்கும் நம் ஊர்களில் சிலர் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை ஒரே அறையில் உட்கார வைப்பதுதான் நோக்கம்.

இனி, படிப்படியாகப் பார்ப்போம்.

1. முதலில் தேதி

விளையாட்டு எழுதுபவர்களைப் போட்டி நாளில் அழைத்தால் ஒருவரும் வரமாட்டார். எனவே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, முதல் காலத்தில் அடுத்த மூன்று மாதச் சனி, ஞாயிறுகளை வரிசையாக டைப் செய்திடுங்கள். பக்கத்துக் காலங்களில் கிரிக்கெட், கபடி, கால்பந்து, ஹாக்கி என்று தலைப்பிட்டு, அன்று போட்டி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஐபிஎல் நடக்கும் ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. சென்னை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையையும் யோசிக்க வேண்டும். முகூர்த்த நாள் என்றால் ஹால் கிடைக்காது. அதற்கும் ஒரு காலம் போடுங்கள். எல்லாக் கட்டமும் காலியாக இருக்கும் வரிசைதான் உங்கள் தேதி. இதற்கு ஸ்ப்ரெட்ஷீட் எதற்கு, காலண்டர் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். பல விஷயங்களை ஒரே பார்வையில் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

2. பெயர் சேகரிக்க ஒரு பார்ம்

போனிலும் வாட்ஸ்அப்பிலும் பெயர் கேட்டால் துண்டுத் துண்டாகச் சிதறிவிடும். கூகுள் பார்ம்ஸ் இலவசம். ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். புதிய பார்ம் திறந்து ஆறு கேள்விகள் வையுங்கள்: பெயர் (அட்டையில் அச்சிட வேண்டியபடி), ஊர், மொபைல் எண், இமெயில், எழுதும் விளையாட்டு, உணவு.

உணவுக் கேள்வியை மட்டும் டைப் செய்யும்படி விடாதீர்கள். ஒருவர் ‘சைவம்’ என்பார், இன்னொருவர் ‘வெஜ்’ என்பார், மூன்றாமவர் ‘எதுவானாலும் சரி’ என்பார். கம்ப்யூட்டருக்கு இவை மூன்றும் வேறு வேறு. ‘மல்டிபிள் சாய்ஸ்’ வகையைத் தேர்ந்தெடுத்து சைவம், அசைவம் என்று இரண்டே விடைகள் கொடுத்தால், பிறகு எண்ணுவது எளிது.

பார்மில் ‘ரெஸ்பான்சஸ்’ பகுதிக்குச் சென்று ‘லிங்க் டு ஷீட்ஸ்’ என்பதில் கிளிக் செய்தால் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் உருவாகும். இனி யார் பார்ம் நிரப்பினாலும், தேதி நேரத்துடன் அதில் ஒரு வரி தானாகச் சேரும். பார்ம் நிரப்பத் தெரியாதவர் போனில் சொன்னால்? அவருக்காக நீங்களே அந்தப் பார்மைத் திறந்து நிரப்புங்கள். துண்டுக் காகிதத்தில் எழுதிவைக்காதீர்கள்.

3. பட்டியல் ஒன்றே ஒன்றுதான்

நான் சறுக்கிய இடம் இதுதான். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. புதன் இரவே வேலையை முடித்துவிடலாம் என்று பட்டியலை என் கம்ப்யூட்டருக்கு டவுன்லோட் செய்து, ‘கடைசிப் பட்டியல்’ என்று பெயர் கொடுத்துச் சேமித்தேன். வியாழக்கிழமை என் நண்பர் இண்டர்நெட்டில் உள்ள பட்டியலில் ஆறு பெயர்களைச் சேர்த்தார். அது எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை என்னிடம் இருந்த பைலிலிருந்து அச்சிட்டேன். ஆறு பேர் விடுபட்டார்கள்.

ஐந்து பேர் உள்ளூர்க்காரர்கள். எங்களைத் தெரிந்தவர்கள் என்பதால் சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்கள். ஆறாமவர் கோவில்பட்டிக்காரர். அது ஹாக்கிக்குப் பேர்போன ஊர். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் நடக்கும் ஹாக்கி ஆட்டங்களின் முடிவுகளையும் கோல் அடித்தவர் பெயர்களையும் பல ஆண்டுகளாக நோட்டில் எழுதி வருகிறார். ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டர் வாங்கி, இரண்டு விரலால் டைப் செய்து அவற்றை இண்டர்நெட்டில் ஏற்றத் தொடங்கியிருந்தார். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு முழுக்கப் பயணம் செய்து வந்திருக்கிறார். வாசலில் இருந்த கல்லூரிப் பையன், “உங்க பேர் லிஸ்ட்ல இல்லையே சார்” என்று சொல்லிவிட்டான். அவன் மேல் தவறில்லை. நான் சொன்னதைத்தான் செய்தான்.

டீ இடைவேளையில் நான் வெளியே வந்தபோது, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலை அமர்வு முடிந்திருந்தது. உள்ளூர்ப் போட்டிகளின் ஸ்கோரை எப்படிப் பதிவு செய்வது என்ற பேச்சு அதில்தான் நடந்தது. அவர் அதற்காகத்தான் வந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “நோட்டுல ஒரு பேரு விட்டுப்போனா, அந்தப் பையன் ஆடவே இல்லைன்னு ஆயிரும்லா சார். அதுக்குத்தான் நான் ராத்திரியே ரெண்டு தடவை சரிபாப்பேன்” என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

எனவே இந்த விதிகளை எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்:

பட்டியல் இண்டர்நெட்டில் உள்ள அந்த ஒரு ஷீட் மட்டுமே. ‘புதிது’, ‘கடைசி’, ‘கடைசி 2’ என்று பிரதிகள் எடுத்து அவற்றில் வேலை செய்யக் கூடாது.

ஷீட்டைத் திருத்தும் உரிமை ஏற்பாட்டாளர்களுக்கு மட்டும். மற்றவர்கள் பார்த்தால் போதும்.

யாராவது தவறுதலாக அழித்துவிட்டால் பயப்பட வேண்டாம். பைல் மெனுவில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ சென்றால் பழைய நிலையைப் பார்த்து மீட்டுக்கொள்ளலாம். யார் எப்போது மாற்றினார் என்பதும் அங்கே தெரியும். நான் வெள்ளிக்கிழமை அங்கே ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால் ஆறு பெயர்களும் கண்ணில் பட்டிருக்கும்.

அச்சிடுவது கூட்டத்துக்கு முந்தைய மாலைதான். அச்சில் தேதியும் நேரமும் மொத்த எண்ணிக்கையும் இருக்கட்டும். ஷீட்டில் உள்ள எண்ணிக்கையும் தாளில் உள்ளதும் ஒன்றா என்று எண்ணிப் பாருங்கள்.

4. அழைப்பு இமெயில்

இமெயில் எழுதும்போது முகவரிகளை ‘டூ’ கட்டத்தில் போட்டால், எழுபது பேரின் முகவரியும் எழுபது பேருக்கும் தெரிந்துவிடும். ‘சிசி’யிலும் அப்படித்தான். ‘பிசிசி’ கட்டத்தில் போடுங்கள். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. ‘டூ’ கட்டத்தில் உங்கள் முகவரியையே கொடுத்துவிடலாம்.

சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளில் 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. நமக்கு அது தாராளம். இணைக்கும் பைல்கள் 25 எம்பிக்குள் இருக்க வேண்டும். அழகான பெரிய படத்தை இணைப்பதைவிட, தேதி, நேரம், இடம், பஸ் நிறுத்தம், மேப் இணைப்பு ஆகியவற்றை இமெயிலிலேயே டைப் செய்வது மேல். மொபைலில் சட்டென்று படிக்கலாம்.

5. பெயர் அட்டை

எழுபது அட்டைகளை ஒவ்வொன்றாக டைப் செய்ய வேண்டாம். வேர்டில் ‘மெயில் மெர்ஜ்’ வசதி இருக்கிறது. முதலில் ஷீட்டை எக்ஸெல் பைலாக டவுன்லோட் செய்திடுங்கள். (இது அச்சிட மட்டுமே, அச்சிட்டதும் அழித்துவிடுங்கள்!) சிஎஸ்வி வகையில் எடுத்து எக்ஸெலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் சில நேரம் புரியாத குறியீடுகளாக வரும். எனவே எக்ஸெல் வகையே நல்லது.

வேர்டில் ‘மெய்லிங்ஸ்’ டேபில் ‘ஸ்டார்ட் மெயில் மெர்ஜ்’ கிளிக் செய்து ‘லேபிள்ஸ்’ தேர்ந்தெடுங்கள். ‘செலக்ட் ரெசிபியன்ட்ஸ்’ மூலம் எக்ஸெல் பைலைக் காட்டுங்கள். முதல் லேபிளில் பெயர், ஊர் ஆகிய பீல்டுகளைச் சேர்த்து, ‘அப்டேட் லேபிள்ஸ்’ கொடுத்தால் எல்லா லேபிள்களிலும் அவை வந்துவிடும். பிறகு ‘பினிஷ் அண்ட் மெர்ஜ்’.

சிலர் பெயர் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குழப்பமாக வந்திருக்கும். அவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்திருக்கிறார் என்று பொருள். போன் செய்து கேட்டு, யூனிகோட் தமிழில் டைப் செய்திடுங்கள். விண்டோஸில் உள்ள லதா, நிர்மலா எழுத்துருக்கள் யூனிகோட் வகைதான். வெளியில் அச்சிடக் கொடுப்பதானால் பிடிஎப் ஆகச் சேமித்துக் கொண்டு செல்லுங்கள். கடைக்காரர் கம்ப்யூட்டரில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்து மாறாது.

6. பேச்சாளர்களின் பைல்கள்

பேச்சாளர்களிடம் இரண்டு நாள் முன்பே ஸ்லைடுகளை வாங்கி, ஒரே போல்டரில் 01, 02 என்று வரிசை எண்ணுடன் சேமியுங்கள். ஹாலில் இண்டர்நெட் கிடைக்கும் என்று நம்பி வீடியோக்களை இணைப்பாக விடாதீர்கள், பைலாகவே வையுங்கள். பழைய புரொஜக்டரில் விஜிஏ கேபிள்தான் இருக்கும், புதிய லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டுமே இருக்கும். இரண்டையும் இணைக்கும் அடாப்டர் ஒன்று கையில் இருக்கட்டும்.

டிவியில் வந்த ஆட்டக் காட்சிகளுக்கு ஒளிபரப்பு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. 1957ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ம் பிரிவு, விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. அதற்காக முழு ஆட்டத்தையும் போட்டுக்காட்டலாம் என்று பொருளல்ல. அவரவர் எடுத்த படங்களே சிறந்தவை. கூட்டத்திலும் அவைதான் அதிகம் பேசப்பட்டன.

7. கூட்ட நாள் காலை

வாசல் மேசையில் மூன்று பொருள்கள் வேண்டும். அச்சிட்ட பட்டியல், பத்து வெற்று அட்டைகள், ஒரு பட்டையான பேனா. மேசையில் இருப்பவருக்கு ஒரே கட்டளை: “பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அது நம் தவறு. அட்டையில் எழுதிக் கொடுத்து உள்ளே அனுப்பு.” கம்ப்யூட்டர் எவ்வளவு நல்ல பட்டியல் தந்தாலும் இந்தப் பேனாவை மறக்காதீர்கள்.

கூட்டம் முடிந்தபின், கேட்காமல் யாருடைய எண்ணையும் குரூப்பில் சேர்க்காதீர்கள். பார்மில் ‘இனி விடைகள் ஏற்கப்படாது’ என்று மாற்றிவிடுங்கள்.

கோவில்பட்டி அன்பருக்கு மதியம் பத்து நிமிடம் ஒதுக்கினோம். மஞ்சள் பையிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டினார். அதில் தேதி, அணி, கோல் அடித்தவர், நிமிடம் எல்லாம் கோடு போட்ட கட்டங்களில் இருந்தன. அது ஒரு ஸ்ப்ரெட்ஷீட்தான். கம்ப்யூட்டர் மட்டும்தான் இல்லை. மாலையில் அதே கட்டங்களை ஷீட்டில் அமைப்பது எப்படி என்று அரை மணி நேரம் காட்டிக் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தின் பட்டியலை அச்சிடும் முன் சரிபார்க்கும் பொறுப்பை அவரிடமே கேட்டு ஒப்படைத்திருக்கிறோம். இரண்டு தடவை பார்ப்பார் என்று தெரியும்.

உங்கள் ஊரிலும் கேரம் ஆடுபவர்கள், செஸ் சொல்லித் தருபவர்கள், கபடி ஸ்கோர் எழுதுபவர்கள் இருப்பார்கள். பத்து பேரை அழைத்துத் தொடங்குங்கள். இன்று மாலையே ஒரு ஷீட்டைத் திறந்து முதல் பெயரை டைப் செய்திடுங்கள்.