உங்களுக்குத் தெரியுமா? பொம்மிடிக்குப் பக்கத்தில் ஒரு கோட்டைப் போர்

கிரேக்கப் புராணத்தில் தீப்ஸ் நகரின் ஏழு வாயில்களையும் ஏழு தலைவர்கள் முற்றுகையிட்டார்கள். அரியணைக்காக மோதிய அண்ணன் தம்பி இருவரும் ஒருவர் கையால் ஒருவர் மாண்டார்கள். நம்மிடமும் அப்படிப்பட்ட போர்கள் உண்டு.

● பொம்மிடி இருக்கும் மாவட்டத்தின் தலைநகரான தருமபுரிதான் அன்றைய தகடூர், அதியமான்களின் ஊர். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அதன் கோட்டையை அழித்து, 'தகடூர் எறிந்த' என்ற அடைமொழி பெற்றான்.

● அதியமான்களும் சேரர் வழியினரே என்கிறது திருவண்ணாமலை மாவட்டம் திருமலையில் உள்ள கல்வெட்டு. அப்படியானால் இதுவும் பங்காளிச் சண்டைதான்!

● பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் இரும்பொறையைப் பாடிய அரிசில்கிழாருக்கு 9 லட்சம் காணமும் அரியணையும் பரிசு. அரியணையைத் திருப்பித் தந்துவிட்டு அமைச்சரானார் புலவர்.

● தகடூர்ப் போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு போன்ற நூல்களில் சில பாடல்களே எஞ்சியுள்ளன.

● இன்னொரு பங்காளிச் சண்டை: உறையூரில் சோழன் நெடுங்கிள்ளி கோட்டைக்குள் அடைபட்டிருக்க, வெளியே முற்றுகையிட்டவன் அதே குலத்து நலங்கிள்ளி. யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடியே என்று இருவருக்கும் புத்தி சொன்னார் கோவூர்கிழார். தீப்ஸுக்கு அப்படியொரு புலவர் வாய்க்கவில்லை.