எரிவாயுத் தெருவிளக்கு

எரிவாயுத் தெருவிளக்கு என்பது, நிலத்தடிக் குழாய் வழியே வரும் எரிவாயுவை எரித்து ஒளி தரும் தெருவிளக்கு ஆகும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்கள் பலவற்றின் தெருக்களுக்கு இவ்விளக்குகளே ஒளியூட்டின. பின்னர் மின்விளக்குகள் இவற்றின் இடத்தைப் பிடித்தன. எனினும் பெர்லின், இலண்டன், பிராக், சாக்ரெப் முதலிய நகரங்களின் சில பகுதிகளில் இவை இன்றும் எரிகின்றன. குளிர்கால இரவுகளில் இவ்விளக்குகள் தரும் தோற்றம் பெரிதும் விரும்பப்படுகிறது. இவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்னும் கோரிக்கைக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

வரலாறு

காற்றுப் படாமல் நிலக்கரியைச் சூடாக்கும்போது ஹைட்ரஜன், மீத்தேன், கார்பன் மோனாக்சைடு ஆகியவை கலந்த எரிவாயு வெளிப்படுகிறது. ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் முர்டாக் 1792இல் இவ்வாயுவைக் கொண்டு இங்கிலாந்தின் ரெட்ரூத் ஊரிலிருந்த தமது வீட்டிற்கு ஒளியூட்டினார். 1807இல் ஜெர்மனியில் பிறந்த பிரெடெரிக் வின்சர், இலண்டனின் பால் மால் தெருவில் எரிவாயு விளக்குகளை எரித்துக் காட்டினார். பெர்லினின் உன்டர் டென் லிண்டன் சாலைக்கு இவ்வொளி 1826இல் வந்தது.

இயங்கும் முறை

தொடக்ககால விளக்குகளில் எரிவாயு திறந்த சுடராக எரிந்தது. அதன் ஒளி மங்கலானது, காற்றில் ஆடக்கூடியது. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1885இல் மேண்டிலுக்குக் காப்புரிமம் பெற்றார். 1891இல் அதனை மேம்படுத்தினார். மேண்டில் என்பது உலோக உப்புக் கரைசலில் தோய்த்த துணிவலை ஆகும். முதன்முறை எரியும்போது துணி எரிந்துபோக, உலோக ஆக்சைடுகளாலான மெல்லிய கூடு மட்டும் எஞ்சுகிறது. சுடரின் வெப்பத்தில் இக்கூடு வெண்மஞ்சள் நிறத்தில் ஒளிர்கிறது. அதாவது ஒளியைத் தருவது சுடர் அன்று, சுடரால் சூடேறிய கூடே ஆகும். தமிழ்நாட்டில் திருவிழாக்களிலும் ஊர்வலங்களிலும் பயன்பட்ட பெட்ரோமாக்ஸ் விளக்கும் இதே முறையில் இயங்குவதே.

மேம்பட்ட மேண்டிலில் ஏறத்தாழ 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடும் 1 விழுக்காடு சீரியம் ஆக்சைடும் இருந்தன. தோரியம் மோனசைட் மணலிலிருந்து எடுக்கப்பட்டது. 1909இல் ஜெர்மானியரான ஷோம்பெர்க், அன்றைய திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். இவ்வூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. இம்மணலை ஐரோப்பாவிற்கு ஏற்றுமதி செய்யும் தொழில் அங்கு மேண்டிலுக்காகவே தோன்றியது. தோரியம் கதிரியக்கம் உடையது என்பதால் பிற்கால மேண்டில்கள் பலவற்றில் இட்ரியம் பயன்படுத்தப்படுகிறது.

விளக்கேற்றுவோர் மாலையில் நீண்ட கோலுடன் தெருத்தெருவாகச் சென்று விளக்குகளை ஏற்றினர், காலையில் அணைத்தனர். பிற்காலத்தில் பல நகரங்களில் கடிகாரப் பொறிகள் இப்பணியை ஏற்றன. இலண்டனில் இக்கடிகாரங்களுக்குச் சுமார் இரு வாரங்களுக்கு ஒருமுறை கையால் சாவி கொடுக்க வேண்டும்.

குளிர்காலத் தோற்றம்

குளிர்கால இரவில் இவ்விளக்குகள் தனித்துத் தெரிவதற்குப் பல காரணங்கள் உள்ளன.

முதலாவது, இரவின் நீளம். டிசம்பர் பிற்பகுதியில் பெர்லினில் மாலை 4 மணிக்கு முன்பே கதிரவன் மறைகிறது. பகற்பொழுது 8 மணி நேரத்திற்கும் குறைவு. எனவே மக்கள் வீடு திரும்பும் வேளையிலேயே விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. கோடையிலோ இரவு 9 மணிக்குப் பின்னும் வெளிச்சம் இருக்கும்.

இரண்டாவது, பனி. புதிதாக விழுந்த பனி தன்மீது படும் ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதால் மங்கலான விளக்கும் தெருவை நிறைக்கிறது. மூடுபனியில் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுகிறது.

மூன்றாவது, நிறம். அந்திவேளையில் பனி நீலச் சாயலுடன் தெரியும். அதன் நடுவே விளக்கின் மஞ்சள் ஒளி இதமாகத் தோன்றுகிறது. மேலும் மேண்டிலின் ஒளியில் எல்லா நிறங்களும் தொடர்ச்சியாக அமைந்துள்ளன. ஆகவே முகங்களும் சுவர்களும் தம் இயல்பான நிறத்திற்கு நெருக்கமாகத் தெரிகின்றன. தாழ்வழுத்தச் சோடிய விளக்கின் கீழ் இவ்வாறு நிறங்களைப் பிரித்தறிய இயலாது.

இலக்கியத்தில்

ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், கலங்கரை விளக்கங்களைக் கட்டிய பொறியாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1881இல் வெளியான தமது நூலில் எரிவாயு விளக்குகளுக்காகப் பரிந்து பேசும் கட்டுரை ஒன்றைச் சேர்த்தார். அன்று புதிதாக வந்த மின்வில் விளக்கின் கூசும் ஒளியை அவர் வெறுத்தார். 1950இல் வெளியான சி. எஸ். லூயிஸின் முதல் நார்னியா கதையில், பனி மூடிய காட்டின் நடுவே ஒரு விளக்குக் கம்பம் எரிகிறது.

மாற்றமும் பாதுகாப்பும்

2000களின் இறுதியில் பெர்லினில் ஏறத்தாழ 44,000 எரிவாயுத் தெருவிளக்குகள் இருந்தன. உலகில் எஞ்சியிருந்தவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை இவை எனக் கூறப்பட்டது. எரிபொருட் செலவு, பராமரிப்பு, கார்பன் டை ஆக்சைடு வெளியீடு ஆகியவற்றைக் காட்டி நகர நிர்வாகம் இவற்றை மின்மயமாக்கத் தொடங்கியது. ஒரே அளவு ஒளிக்கு எல்.இ.டி. விளக்கைவிட இவை பன்மடங்கு ஆற்றலைச் செலவிடுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவை நகரின் தொழில்நுட்ப மரபு என்று ஆர்வலர்கள் வாதிட்டனர். 2014ஆம் ஆண்டிற்கான உலக நினைவுச்சின்னக் கண்காணிப்புப் பட்டியலில் பெர்லினின் எரிவாயு விளக்குகள் இடம்பெற்றன.

இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம் சுமார் 300 விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றத் திட்டமிட்டபோது 2021இல் எதிர்ப்பு எழுந்தது. அதன்பின் பல விளக்குகள் மரபுச்சின்னங்களாகப் பட்டியலிடப்பட்டன.

பிராக் நகரம் எதிர்த்திசையில் சென்றது. 1985இல் அங்கு கடைசி எரிவாயு விளக்குகள் நீக்கப்பட்டன. 2002 முதல் பழைய நகரப் பகுதியில் அவை மீண்டும் நிறுவப்பட்டன. கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரங்களில் அங்குள்ள சார்லசு பாலத்தின் விளக்குகளை, பழங்கால உடையணிந்த ஒருவர் கோல்கொண்டு ஏற்றுவது வழக்கமாகியுள்ளது.

பழைய கூண்டினுள் மஞ்சள் நிற எல்.இ.டி.யைப் பொருத்துவது இரு தரப்பிற்கும் இடைப்பட்ட வழியாக முன்வைக்கப்படுகிறது. இதனால் நிறத்தையும் வடிவத்தையும் ஓரளவு காக்க இயலும். மேண்டிலையும் அதனைப் பராமரிக்கும் கைத்தொழிலையும் காக்க இயலாது.